இணையவழி நிரல் வகுப்பும் நம் பிள்ளைகளின் முன்னேற்றமும்

(தஞ்சை மாவட்டத்தில் ஊராட்சிப் பொறுப்பாளர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இத்தகைய முகாம்களில் எங்களுக்குப் பேசக் கொடுக்கப்படும் பொருள் பெரும்பாலும் வாய்க்கால் தூர் வாருதல், குடிநீர்த் தொட்டி, வீட்டு வரி வசூல் என்ற அளவில் நின்றுவிடும். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேறொன்று. நம் பிள்ளைகள் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ‘கோடிங் வகுப்பு’ என்று படிக்கிறார்களே, அந்தப் படிப்பு அவர்களுக்கு ஏறுகிறதா, இல்லையா என்பதை எப்படி அறிவது என்பதே அது.

‘நடவு நேரத்தில் இது எதற்கு?’ என்று சிலர் எண்ணக்கூடும். குறுவை விற்ற பணத்தில் பையனுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே பல உண்டு. மாதாமாதம் அதற்கு இணையக் கட்டணமும் கட்டுகிறோம். வயலுக்கு உரம் இட்டால் பத்தாம் நாள் பயிரின் நிறத்தைப் பார்த்துப் பலனைச் சொல்லிவிடுகிற நாம், பிள்ளை கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ‘படிக்கிறான்’ என்று சொல்லி அப்பால் போய்விடுகிறோம். பயிரைப் பார்க்கத் தெரிந்த அளவு இதைப் பார்க்கத் தெரியவில்லை. அது நம் குற்றமன்று. யாரும் நமக்கு அதைச் சொல்லவில்லை.

முதலில், நிரல் என்பது யாது? கணிப்பொறி தானாக ஒன்றும் செய்யாது. அதற்குப் புரியும் மொழியில், முதலில் இதைச் செய், பிறகு இதைச் செய், இப்படி இருந்தால் அப்படிச் செய் என்று வரிசையாக எழுதித் தரவேண்டும். அந்த வரிசைதான் நிரல். அதை எழுதக் கற்பிப்பதே கோடிங் வகுப்பு.

நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி உண்டு. அதில் நெல்லிலக்கம் என்றொரு பகுதி உண்டு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். ‘முப்பது மரக்கால் எத்தனை கலம்?’ என்று களத்தில் நின்று கேட்டால், ‘இரண்டு கலம், ஆறு மரக்கால்’ என்று நம்மில் முதியோர் கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடுவர். இதே கணக்கைக் கணிப்பொறிக்குச் சொல்லித் தருவதாக வைத்துக்கொள்வோம். மரக்கால் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கு. அதைப் பன்னிரண்டால் வகு. ஈவைக் கலம் என்று எழுது. மீதியை மரக்கால் என்று எழுது. நான்கே வரி. பைத்தான் என்னும் நிரல் மொழியில் எழுதினாலும் ஏறக்குறைய இந்த நான்கு வரிதான். பைத்தானைத்தான் நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 12-ஆம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் மாணவர்கள் தமிழிலேயே படிக்கிறார்கள். 11-ஆம் வகுப்பில் சி++ என்ற மொழி. 10-ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் ஸ்கிராட்ச் என்னும் படக்கட்டை மொழி. ஆகவே இது ஏதோ பட்டணத்துப் பிள்ளைகளின் படிப்பு என்று ஒதுக்குவதற்கில்லை. அரசுப் பாடநூலிலேயே இருக்கிறது.

பாடநூலுக்கு அப்பால் இணையவழியாகக் கற்கும் வாய்ப்புகளும் இன்று மிகுந்திருக்கின்றன. ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய ‘என்.பி.டெல்.’ என்னும் திட்டம் அவற்றுள் பெரியது. சென்னைத் தொழில்நுட்பக் கழகம் அதில் முன்நிற்கிறது. 2014 முதல் அத்திட்டத்தில் சான்றிதழுடன் கூடிய பாடங்கள் நடைபெறுகின்றன. பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கான தேர்வு எழுதத்தான் கட்டணம். சென்னைக் கணிதவியல் கழகத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் மொழியைக் கற்பிக்கும் எட்டு வாரப் பாடமும் அதில் உண்டு. பம்பாய்த் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் சிறு சிறு பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் முதலில் காட்டுவது இதைத்தான். 2020 ஜூன் மாதத்தில் சென்னைத் தொழில்நுட்பக் கழகம் நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் இணையவழிப் பட்டப் படிப்பையே தொடங்கிற்று. அதில் சேர விரும்புவோர் முதல் நான்கு வாரப் பாடத்தைக் கேட்டு, வாராவாரம் பயிற்சி செய்து, பிறகு தேர்வு மையத்துக்கு நேரில் சென்று தகுதித் தேர்வு எழுதவேண்டும். பாடம் வீட்டிலிருந்து, தேர்வு நேரில் என்னும் இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் அப்படி வைத்தார்கள் என்பது பிறகு விளங்கும்.

இனி, நம் பொருளுக்கு வருவோம். வகுப்பறையில் ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறார். புரியாதவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இணையவழியில் ஆசிரியர் எங்கோ, மாணவன் எங்கோ. அங்கே முன்னேற்றத்தை அறிய என்ன வழி செய்திருக்கிறார்கள்?

என்.பி.டெல். பாடங்களில் வாராவாரம் பயிற்சி உண்டு. குறித்த நாளுக்குள் முடித்து அனுப்பவேண்டும். எட்டு வாரப் பாடமானால் மிகுந்த மதிப்பெண் பெற்ற ஆறு பயிற்சிகளையும், பன்னிரண்டு வாரப் பாடமானால் எட்டுப் பயிற்சிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சலோ, கல்யாணமோ, அறுவடையோ குறுக்கிட்டால் பிள்ளை அதனாலேயே வீழ்ந்துவிடக் கூடாது என்னும் கருணை இதில் இருக்கிறது. பயிற்சிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற முன்னதில் 10-உம் பின்னதில் 30-உம் வேண்டும். கல்லூரிகளில் இத்திட்டத்தின் உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன. அங்கே வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்கள் எந்த வாரம் என்ன மதிப்பெண் வாங்கினார்கள் என்று பார்த்துக்கொண்டே வரமுடியும்.

நிரல் சரியா, தவறா என்பதைக் கணிப்பொறியே சோதிக்கிறது. அது எப்படிச் சோதிக்கிறது என்பதைப் பெற்றோர் அறிவது நல்லது. நம் மரக்கால் கணக்கையே மீண்டும் பார்ப்போம். மாணவனுக்கு இரண்டு மாதிரிகளை வெளிப்படையாகக் காட்டுவார்கள்: 12 கொடுத்தால் ‘1 கலம் 0 மரக்கால்’ வரவேண்டும், 30 கொடுத்தால் ‘2 கலம் 6 மரக்கால்’ வரவேண்டும். இவற்றுடன் மாணவனுக்குக் காட்டாத சில சோதனைகளும் உண்டு. 11 கொடுத்தால் என்ன ஆகும்? 0 கொடுத்தால்? ஆயிரம் கொடுத்தால்? மதிப்பெண் இந்த மறைவான சோதனைகளைப் பொறுத்தது. ஏனெனில் கெட்டிக்காரப் பையன் ஒருவன், ‘12 வந்தால் இதை எழுது, 30 வந்தால் அதை எழுது’ என்று விடையை மட்டும் எழுதி வைத்துவிடுவான். வெளிப்படையான சோதனை இரண்டிலும் அவன் வெற்றி பெறுவான், வகுக்கக் கற்றிருக்கமாட்டான். கொள்முதல் நிலையத்தில் மூட்டையின் மேல்வாய் நெல்லை மட்டும் பார்க்காமல் குத்தூசியை உள்ளே செலுத்தி எடுத்துப் பார்ப்பது எதற்காகவோ, அதற்காகவே இதுவும்.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும், சேர்ந்தவர்களில் முடிப்பவர்கள் மிகச் சிலரே என்பது உலகெங்கும் கண்ட உண்மை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய இலவச இணையப் பாடங்களின் ஆறாண்டுக் கணக்கை ஆராய்ந்து 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பெயர் பதிவு செய்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடத்துக்குள் நுழையவே இல்லையாம்! 2017–18-இல் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர் என்ற அளவே. ஆனால் பணம் கட்டிச் சான்றிதழுக்கென்றே சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 46 பேர் முடித்திருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு, பணம் கட்டினால் படிப்பு வந்துவிடும் என்று முடிவு செய்துவிடவேண்டாம். முடிக்கவேண்டும் என்ற எண்ணம் முன்பே உள்ளவர்கள்தாம் பணம் கட்டுகிறார்கள் என்று கொள்வதே நேராகும்.

காரணத்தையும் காரியத்தையும் இப்படி மாற்றிப் பிடித்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் பர்டியூ என்னும் பல்கலைக்கழகத்தில், பின்தங்கும் மாணவனுக்குச் சிவப்பு, தடுமாறுகிறவனுக்கு மஞ்சள், நன்றாகப் படிப்பவனுக்குப் பச்சை என்று விளக்குக் காட்டும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். விளக்குள்ள பாடங்களை இரண்டும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் கல்லூரியை விட்டு நீங்காமல் தொடர்ந்து படிக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 2013-இல் சிலர் அக்கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். நீங்காமல் இருந்த காரணத்தாலேயே அவர்கள் அத்தனை பாடங்களை எடுக்க நேர்ந்தது என்று தெரிந்தது! கணக்குப் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எதை அளக்கிறது என்று கேட்காமல் நம்பக்கூடாது. அரசு ஊழியர்களாகிய எங்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு எத்தனை குழி வெட்டினோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்று படிவம் நிரப்பிப் பழகியவர்கள் நாங்கள். 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு ஆராய்ந்தபோது, மக்கள் தம் பங்கைத் தாமாக ஏற்கும் நிலை வரவில்லை என்றே கண்டது. படிவங்கள் மட்டும் நிரம்பியிருந்தன.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் சொந்தத் தவற்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி, பெயர் வேண்டாம். அங்கே ஒரு பொங்கலுக்குப் பின் 22 பிள்ளைகளை ஓர் இணையவழி நிரல் வகுப்பில் சேர்த்தோம். 9-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள். வாரம் இரண்டு நாள் மாலை, வீட்டிலுள்ள கைப்பேசியில் பாடம். யார் எத்தனை மணி நேரம் பாடத்தைத் திறந்து வைத்திருந்தார், எத்தனை பயிற்சி அனுப்பினார் என்ற பட்டியல் திங்கட்கிழமைதோறும் எங்களுக்கு வந்துவிடும். அந்தப் பட்டியலைப் பார்ப்பதே எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. மணி நேரங்களைக் கூட்டி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினோம். பாராட்டும் கிடைத்தது.

பட்டியலில் முதலிடம் ஒரு பையனுக்கு. வாரத்துக்கு வாரம் அவன் மணி நேரம் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு பெண். மூன்றாம் வாரத்திலிருந்து அவள் பெயருக்கு நேரே சுழிதான். நான்கு வாரம் பார்த்தோம். ‘இடைநின்றவர்’ என்று குறித்து அவள் பெயரை நீக்கி, அந்த இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தோம். விதிப்படி செய்ததாகவே எண்ணினோம். எவரும் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. அலுவலகத்திலிருந்து அந்த வீடு நான்கு கிலோமீட்டர்.

மார்ச் மாதத்தில் வேறொரு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது அந்தத் தாயார் எங்களை நிறுத்தினார். “பேரை அடிச்சிட்டீங்கன்னு பொண்ணு ரெண்டு நாளாச் சாப்பிடலைங்க ஐயா” என்றார். விசாரித்தோம். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. சம்பா அறுவடையானதும் தகப்பனார் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு இறங்கவேண்டுமென்று காயவைத்துக்கொண்டும், மழை வந்தால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டும், இரவும் பகலும் அங்கேயே காவல் இருந்தார். முறை வரும் செய்தியை அறியக் கைப்பேசி அவரிடம் இருந்தாக வேண்டும். அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? பக்கத்து வீட்டுத் தோழியிடம் அந்தந்த வாரப் பயிற்சியைக் கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் நிரல் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். பதினான்கு பயிற்சிகள். அவற்றை ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியில் நம் எதிரிலேயே அடித்துப் பார்த்தாள். ஒன்பது முதல் முறையிலேயே ஓடின. மூன்றை அவளே திருத்தினாள். இரண்டு ஓடவில்லை.

முதலிடத்துப் பையனையும் அழைத்து மரக்கால் கணக்கை எழுதச் சொன்னோம். தொடங்கவே தெரியவில்லை. பாடத்தை ஓடவிட்டுக் கைப்பேசியைச் சன்னலில் வைத்துவிட்டுப் பந்தாடப் போனதாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். நல்ல பையன், பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது எங்கள் அறிக்கைதான்.

பெண்ணை மீண்டும் சேர்த்தோம் என்று சொல்லி இதை முடிக்க ஆசைதான். ஆனால் அந்த வகுப்பு அதற்குள் வெகுதூரம் போய்விட்டது. ஜூன் மாதம் தொடங்கிய அடுத்த வகுப்பில்தான் இடம் கொடுக்க முடிந்தது. நான்கு மாதம் அவளுக்கு வீண். பையன் பிறகு வரவில்லை; மோட்டார் பட்டறையில் வேலை கற்கிறான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்குப் பிடித்தது அது என்று முன்பே அறிந்திருந்தால் அவனுடைய மாலைப்பொழுதும் மிஞ்சியிருக்கும்.

இதன்பின் நாம் ஏற்பாட்டை மாற்றினோம். கணிப்பொறி அனுப்பும் பட்டியலைத் தள்ளிவிடவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். சனிக்கிழமைதோறும் ஊராட்சிக் கட்டடத்தில் பிள்ளைகள் கூடுகிறார்கள். பொறியியல் படித்து ஊரில் இருக்கும் இளைஞர் ஒருவர் உடன் இருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் தன் கையாலேயே எழுதவேண்டியது இவ்வளவுதான்: இந்த வாரம் எதை எழுத முயன்றேன், எங்கே நின்றது, எப்படிக் கடந்தேன், அல்லது இன்னும் கடக்கவில்லை. ‘எங்கே நின்றது’ என்ற இடம் வெற்றாக இருந்தால் அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை என்றே பெரும்பாலும் பொருள். நிரல் எழுதுபவன் நிற்காமல் போனதாக வரலாறு இல்லை. இரண்டு சனிக்கிழமை ஒரு பிள்ளை வரவில்லையானால், மூன்றாம் சனிக்கிழமைக்குள் யாராவது ஒருவர் வீட்டுக்கு நடந்து போகவேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டால் போதாது. கைப்பேசி இல்லாததே காரணமாக இருக்கலாமே!

இன்னொரு தொல்லையும் வந்து சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்ததிலிருந்து, கேட்டால் நிரலை எழுதியே கொடுத்துவிடும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் எல்லார் கையிலும் வந்துவிட்டன. மரக்கால் கணக்கை அது ஒரு நொடியில் எழுதும். மறைவான சோதனைகளிலும் தேறிவிடும். ஆகவே சரியான விடை வந்திருக்கிறது என்பது மட்டும் இனிப் போதாது. தேர்வை நேரில் வைக்கிறார்கள் என்று முன்னே சொன்னோமே, அதன் அருமை இங்கே விளங்கும். வீட்டிலும் நாம் ஒரு தேர்வு வைக்கலாம். ‘எழுதியதை மாற்றிக் காட்டு’ என்று சொல்லுங்கள். மரக்காலும் கலமும் வேண்டாம். கிலோவைக் கொடுத்தால் கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டைக் கணக்கில் எத்தனை மூட்டை, மீதி எத்தனை கிலோ என்று வருமாறு மாற்றச் சொல்லுங்கள். தானே எழுதியவன் பன்னிரண்டு இருந்த இடத்தைத் தேடி நாற்பது போடுவான். பிறர் எழுதியதை ஒட்டியவன் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பான்.

‘எங்களுக்கு அந்த எழுத்தே படிக்கத் தெரியாதே’ என்று தாய்மார்கள் கேட்பார்கள். படிக்கவேண்டியதில்லை. எங்கள் சனிக்கிழமை வகுப்பின் திண்ணையில் ஒரு பெரியவர் வந்து உட்காருவார். எழுபதைத் தாண்டியவர், கங்காணி வேலை பார்த்தவர். பிள்ளைகள் மரக்கால் நிரலை ஓட்டிக் காட்டினார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஏழரை மரக்கால் போடு” என்றார். போட்டதும் நிரல் நின்றுபோய்ச் சிவப்பு எழுத்தில் பிழை காட்டிற்று. ஒருவருடையதன்று, அத்தனை பேருடையதும் நின்றது! முழு எண்ணை மட்டும் வாங்கும்படி எழுதியிருந்தார்கள். அரை மரக்கால் என்று ஒன்று உலகில் உண்டு என்பது அவர்கள் நினைவில் வரவில்லை. நெல் அளந்த கைக்கு அது தெரியும். அரை மரக்காலை நான்கு படியாக்கிக் காட்டும்படி நிரலைத் திருத்துவதற்கு அன்று மாலை முழுவதும் ஆயிற்று. அந்த மாதத்தில் பிள்ளைகள் கற்றவற்றுள் அதுவே சிறந்தது என்பது எங்கள் அபிப்பிராயம். ஆகையால் பிள்ளையிடம் கணக்கைக் கொடுத்து நிரலை மடக்கிப் பாருங்கள். மடங்கினால் கோபிக்கவேண்டாம், அடுத்த நாள் திருத்தினானா என்று மட்டும் கேளுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல். கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-இல் ஏற்பட்டது. 1904-இல் அங்கே உதவித்தொகையுடன் சேர்ந்தார் ஸ்ரீநிவாச ராமானுஜன். நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்குப் பரிசு வாங்கியவர். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தோற்றமையால் உதவித்தொகை போயிற்று. பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கல்லூரிப் பதிவேட்டில் எழுதியது எதுவும் பொய்யன்று. ஆனால் அதே ஆண்டுகளில் அவருடைய நோட்டுப் புத்தகங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பதிவேட்டில் இடமில்லை. எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் அல்லர் என்பது எங்களுக்கும் தெரியும். அந்த நாற்பது பக்க நோட்டைக் கண்ட அன்று எங்களுக்கு அவர் நினைவு வந்தது. அதனால் சொன்னோம்.

ஊராட்சிகள் செய்யவேண்டியது பெரிய செலவு ஒன்றுமில்லை. பாரத்நெட் திட்டம் நம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைப்பதற்காக வகுக்கப்பட்டது. உங்கள் ஊருக்குக் கம்பி வந்திருக்கிறதா, வந்த கம்பியில் இணைப்பு வருகிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டி சுவரில் தொங்கும், விளக்கு எரியாது. அப்படியானால் எழுத்து மூலம் எங்களுக்கு முறையிடுங்கள். வாய்ச்சொல் கோப்பில் ஏறாது. வாரத்தில் ஒரு மாலை ஊராட்சிக் கட்டடமோ ஊர்ப்புற நூலகமோ திறந்திருக்கட்டும். ஒரு மின்விசிறி, இரண்டு பெஞ்சு, ஒரு கணிப்பொறி போதும். 2011 முதல் சில ஆண்டுகள் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. மின்கலம் போயிருந்தாலும் கம்பியில் இணைத்தால் ஓடுபவை அவற்றில் உண்டு. எங்கள் சனிக்கிழமை வகுப்பில் இருக்கும் மூன்றும் அப்படி வந்தவையே.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அதைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். பிள்ளைகளின் மதிப்பெண்களைக் கிராம சபையில் படிப்பதோ, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோ, வாட்சப் குழுவில் போடுவதோ கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. அங்கே வகுப்பின் வரவுசெலவைக் கேளுங்கள், இணைப்பு ஏன் வரவில்லை என்று கேளுங்கள், எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்றுகூடக் கேளுங்கள். யாருடைய பிள்ளை பின்தங்கியது என்பது அந்த வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் உரியது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு அவற்றின் கல்விப் பணிக்கு மட்டும் விதிகளில் விலக்கு உண்டு. ஊர்ப் பெருமைக்கு அந்த விலக்கு இல்லை. பணம் வாங்கி நடத்தும் தனியார் வகுப்பில் பிள்ளையைச் சேர்ப்பவர்கள், அந்த விவரங்கள் எங்கே போகின்றன என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

அந்த நோட்டில் ஓடாமல் நின்ற இரண்டு பயிற்சிகளைப் பற்றி ஒருவர் இப்போது சீட்டு அனுப்பிக் கேட்டிருக்கிறார். ஒன்று, சங்கிலியாக வரும் எண்களைப் பெரியது சிறியது என்று வரிசைப்படுத்துவது. அதைப் பின்னர் முடித்துவிட்டாள். மற்றொன்று இன்னும் நிற்கிறது. எங்கள் இளைஞருக்கும் அது உடனே வரவில்லை. இருவரும் அதைச் சனிக்கிழமைதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோடிட்ட நோட்டுகள் இருபது வாசலில் உள்ள மேசைமேல் இருக்கின்றன. சனிக்கிழமை வகுப்பு தொடங்க விரும்பும் ஊராட்சிகள் பெயரைக் குறித்துவிட்டு, ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லலாம். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து நடவு தொடங்கிவிட்டால் உங்களையும் பிடிக்கமுடியாது, எங்களையும் பிடிக்கமுடியாது. அதற்குள் முதல் இரண்டு சனிக்கிழமைகளை நடத்திவிடுவோம்.